'ரன்' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் எத்தனை வினை வைப்பது? (விவாத இழை)

#1 சொற்கட்டம்

மொழிபெயர்ப்புக்கான சொற்பட்டியல் ஒன்றில் ஆங்கில 'ரன்' வினைக்கு எதிரே ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் "இயக்கு" என்று போட்டிருக்கிறார்கள். கணினிக் கட்டளைக்கு அது பொருந்தும். ஆனால் அதே பட்டியலை நம்பி வந்த வரைவில் இருப்பதைப் பாருங்கள்:

"நாளிதழ் அந்தக் கட்டுரையை இயக்கியது."
"அவர் தேர்தலுக்காக ஓடினார்."
"சிவப்பு விளக்கை ஓட்டிவிட்டான்."
"குழந்தை வெப்பநிலையை ஓடுகிறது."

கடைசி வரி 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்பதன் கோலம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நடக்காது என்பது தெரிந்ததுதான். குறைந்தபட்சம் எத்தனை கட்டம் வேண்டும், எதை வைத்துப் பிரிப்பது என்று சொல்லுங்கள். "சூழலைப் பார்த்து முடிவு செய்யவும்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

---

#2 கிளவியார்

சொல்லைப் பார்க்காதீங்க, அதுக்குப் பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாருங்க. நாலே கேள்விதான்.

முதல் கேள்வி: செயப்படுபொருள் இருக்கா? இல்லைன்னா "ஓடு"ன்னு போட்டுப் பாருங்க. தண்ணி ஓடுது, கடிகாரம் ஓடுது, நாடகம் ஆறு மாசம் ஓடிச்சு, சுவர்ல விரிசல் ஓடியிருக்கு. பாதிக்கு மேல அப்படியே உட்கார்ந்துடும். உட்காராததும் உண்டு: மூக்கு ஒழுகும், ஓடாது. துவைக்கும்போது சாயம் இறங்கும், ஓடாது. சாலை வடக்கே போகும். ஒப்பந்தம் அமலில் இருக்கும்.

இரண்டாவது: செயப்படுபொருள் இருந்தா "ஓடு" கூடவே கூடாது. வினையைத் தீர்மானிக்கிறது அந்தப் பெயர்ச்சொல்தான்.

நிறுவனம், முகாம், வகுப்பு: நடத்து.
இயந்திரம், நிரல்: இயக்கு.
கட்டுரை, விளம்பரம்: வெளியிடு.
ஆயுதம், போதைப்பொருள்: கடத்து.
சிவப்பு விளக்கு: மீறு. "சிவப்பு விளக்கு எரிந்தும் நிற்காமல் போனான்"னு விரிச்சா இன்னும் நல்லது.
மின்கம்பி, கேபிள்: இழு. வேலை செய்யறவங்க "ஒயர் இழுக்கறது"ன்னுதான் சொல்வாங்க. "கம்பியை ஓட்டு"ன்னு எழுதினா யாருக்கும் புரியாது.
குளியல் தொட்டி: தண்ணீர் பிடி.
தலைமுடியில விரல்: கோது.

காய்ச்சலும் ஆபத்தும் தனி. அங்கே வினை மட்டுமில்ல, வாக்கிய அமைப்பே மாறும். ஆங்கிலத்துல எழுவாயா இருக்கிற ஆள் தமிழ்ல நான்காம் வேற்றுமைக்குப் போயிடுவார்: "குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்குது." வினைக்கு மாற்றுச் சொல் தேடினா கடைசி வரைக்கும் கிடைக்காது. 'ரன் எ ரிஸ்க்' அதே மாதிரி: "அவருக்கு வேலை போகிற ஆபத்து இருக்கு."

மூன்றாவது, பின்னால பெயரடை வருதா. நான்காவது, 'அப்', 'அவுட்', 'ஓவர்' மாதிரி ஒட்டுச்சொல் வருதா. இந்த ரெண்டும் பெரிய விஷயம், வேற யாராவது எழுதுங்க.

---

#3 அகராதிப்பூனை

எண்ணிக்கை பற்றி இணையத்தில் சுற்றுவது பாதி குழப்பம். அதை முதலில் தீர்த்துவிடலாம்.

1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைக்கு. சுமார் 60,000 சொற்கள். தனி வினைக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள். ஒட்டுச்சொல் சேர்ந்தவையும் மரபுத்தொடர்களும் சேர்த்தால் 580 வரை போகும். ஒருவர் 430 என்பதும் இன்னொருவர் 580 என்பதும் இதனால்தான். இரண்டும் ஒரே பதிவைத்தான் சொல்கின்றன.

மூன்றாம் பதிப்புக்கான திருத்தம் 'எம்' எழுத்தில் தொடங்கியது. 2000இல் 'மேக்' முந்தியது. 2007இல் 'புட்'. 2011இல் 'ரன்' 645 பொருளோடு அதையும் தாண்டியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு அந்த ஒரு வினையை வரிசைப்படுத்த ஒன்பது மாதம் ஆனது.

'செட்' தோற்றுவிட்டது என்று எழுதுவது மட்டும் அவசரம். திருத்திய பதிவையும் திருத்தாத பழைய பதிவையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

---

#4 குதர்க்கம்

645 எல்லாம் கணக்குக் காட்டும் வேலை. ஒரே பொருளை நறுக்கி நறுக்கி வைத்தால் எந்தச் சொல்லுக்கும் 600 வரும். "ரயில் ஓடுது", "பஸ் ஓடுது" இரண்டும் இரண்டு பொருளா?

---

#5 அகராதிப்பூனை

பாதி ஒத்துக்கொள்கிறேன். பிரின்ஸ்டனில் உருவான வேர்ட்நெட் என்ற சொல்வலையில் 'ரன்' வினைக்கு 41 பொருள், பெயர்ச்சொல்லுக்கு 16. அதே மொழி, அதே சொல்தான். ஆக்ஸ்போர்டு வரலாற்று அகராதி: வழக்கொழிந்த பொருள், ஒரு தொழிலுக்குள் மட்டும் புழங்கும் பொருள், ஒரே பொருளின் இலக்கண வேறுபாடு எல்லாவற்றையும் தனி எண் போட்டு வைக்கும். வேர்ட்நெட் தட்டையாக அடுக்கும். எண்ணிக்கை என்பது சொல்லின் குணம் மட்டுமில்லை, பிரிப்பவரின் கத்தியும் சேர்ந்தது.

ஆனால் பிரிப்பது வெறும் விருப்பம் என்று சொல்லிவிட முடியாது. சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு பொருளையும் ஒரே வினையில் கட்டிப் பாருங்கள். "அவர் பேருந்தும் ஓட்டுவார், லாரியும் ஓட்டுவார்": உறுத்தவில்லை, ஒரே பொருள். "அவர் காரையும் காலத்தையும் ஓட்டுகிறார்": சிரிப்பு வருகிறதா? அங்கே பொருள் இரண்டு. 'ஹி ரன்ஸ் மாரத்தான்ஸ் அண்ட் எ பேங்க்' என்பது ஆங்கிலக்காரருக்கும் அதே சிரிப்பைத்தான் தரும்.

---

#6 வேர்தேடி

கிளவியார் சொன்ன "செயப்படுபொருள் வந்தால் ஓடு கூடாது" என்ற விதிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 'ரன்' இத்தனை பொருளை விழுங்கியதற்கு முக்கியமான காரணமும் அதுவே என்பது என் கட்சி.

பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு வினை. தானே ஓடுவதற்கு 'ரின்னன்'. எழுத்து இடம் மாறி 'இர்னன்' என்ற வடிவமே அதிகம் புழங்கியது. ஓடச்செய்வதற்கு 'ஆர்னன்' என்ற தனி வினை. ஜெர்மானிய மொழிகளுக்கே பொதுவான ஜோடி இது. இன்றைய ஜெர்மனில் 'ரின்னன்' என்றால் நீர் வழிவது. ஓடச்செய்யும் பக்கத்திலிருந்து வந்த 'ரென்னன்' இப்போது கால்களால் ஓடுவதைக் குறிக்கிறது. வடிவமாவது அங்கே இரண்டாக நிற்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும், நார்ஸ் மொழியிலிருந்து வந்த உறவுச் சொற்களும், ஒரே 'ரன்'னில் கரைந்துவிட்டன.

தமிழில் ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு, உருகு – உருக்கு, திருந்து – திருத்து என்று தன்வினையும் பிறவினையும் இன்றும் தெளிவாகப் பிரிந்தே நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'சிட் – செட்', 'லை – லே', 'ரைஸ் – ரெய்ஸ்' என்று சில ஜோடிகள் தப்பின. 'ரன்' தப்பவில்லை. எனவே "குதிரை ஓடியது", "குதிரையை ஓட்டினான்" இரண்டுக்கும் 'ரேன்' ஒன்றுதான். ஓட்டுவது என்று ஒரு கதவு திறந்ததும் இயந்திரத்தை, இயந்திரம் உள்ள ஆலையை, ஆலை உள்ள நிறுவனத்தை, கடைசியில் ஒரு நாட்டையே 'ரன்' செய்யலாம் என்று வரிசையாக உள்ளே வந்துவிட்டன.

---

#7 குறியன்

வேர்தேடி சொன்னதுக்கு ஒரு கொசுறு. பேச்சுத் தமிழ் 'ரன்'னைக் கடன் வாங்கினப்போ அந்த ஜோடியைத் திரும்ப ஒட்டிக்கிச்சு. "ப்ரோக்ராம் ரன் ஆகுது", "ப்ரோக்ராமை ரன் பண்ணு". ஆகு போட்டா தன்வினை, பண்ணு போட்டா பிறவினை. ஆங்கிலம் தொலைச்சதை நாம வால்ல கட்டி விட்டுட்டோம்.

எல்லாப் பொருளையும் எடுக்கல, அதையும் கவனிங்க. இயந்திரம், நிரல், தொழில், கிரிக்கெட், இவ்வளவுதான். "மூக்கு ரன் ஆகுது"ன்னு யாரும் சொல்றதில்ல.

---

#8 குதர்க்கம்

சரி. ஆனால் தமிழ் "ஓடு" மட்டும் யோக்கியமா? வீட்டு ஓடு, முட்டை ஓடு, மண்டை ஓடு, "அவனோடு"வில் வரும் ஓடு. ஆங்கிலத்தைப் பார்த்து வாயைப் பிளப்பானேன்?

---

#9 பதவுரை

அவை வேறு கணக்கு. கூரையில் போடும் ஓடும் கால்களால் ஓடும் ஓடும் ஒலியில் மட்டும் ஒன்று. "அவனோடு"வில் இருப்பது வேற்றுமை உருபு. இவற்றைத் தனித்தனிச் சொற்களாகத்தான் அகராதியில் வைக்க வேண்டும். 'ரன்'னின் பொருள்களோ ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. "காலம் ஓடுது", "படம் ஓடுது", "குடும்பம் ஓடுது" ஆகியவைதாம் அதற்குச் சரியான ஒப்பு.

#1இல் கேட்ட "எதை வைத்துப் பிரிப்பது" என்பதற்குத் தொல்காப்பியம் பழைய விடை ஒன்றை வைத்திருக்கிறது. கிளவியாக்கத்தில், பலபொருள் ஒருசொல்லின் பொருள் "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்" தெளிவாகும் என்கிறது. உரைகாரர்கள் காட்டுவது "மா" என்ற சொல். மா பூத்தது என்றால் மரம். பூத்தல் என்ற வினை காட்டிவிடுகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் நிற்கும் மருது, அதாவது இனம், காட்டுகிறது. கவசம் பூண்டு நிற்பவன் "மா கொண்டு வா" என்றால் குதிரை, அது சார்பு.

அங்கே பெயருக்கு வினை துப்புக் கொடுக்கிறது. 'ரன்'னில் தலைகீழ்: வினைக்குப் பெயர் துப்புக் கொடுக்கிறது. மற்றபடி மூன்று சோதனையும் அப்படியே பயன்படும். 'ரன் எ ஸ்டோரி அண்ட் எ கரெக்ஷன்' என்றால் பக்கத்தில் நிற்கும் திருத்தம் இது செய்தித்தாள் விவகாரம் என்று சொல்லிவிடும். எதுவுமே கிடைக்காதபோதுதான் சார்புக்குப் போக வேண்டும். மருத்துவமனைக் குறிப்பில் 'ரன்' என்று மட்டும் இருந்தால் சொட்டுநீர் ஏற்றுவதா, பரிசோதனை செய்வதா என்று அடுத்த வரியைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

---

#10 ஒட்டுமா

ஒட்டுச்சொல் பற்றி நான் எழுதுகிறேன். வரைவுகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இரண்டு வாக்கியம்: 'ஹி ரேன் அப் தி ஹில்', 'ஹி ரேன் அப் தி பில்'. ஓரெழுத்துதான் வேறு. முதலாவது, குன்றின் மேல் ஓடினான். இரண்டாவது, செலவைக் கண்டபடி ஏற்றிவிட்டான். பிரிக்க ஒரு சோதனை போதும்: கடைசிப் பெயரை எடுத்துவிட்டு 'இட்' போடுங்கள். குன்றுக்கு 'ரேன் அப் இட்' என்றுதான் வரும். பில்லுக்கு 'ரேன் இட் அப்' என்றுதான் வரும். 'இட்' நடுவில் நுழைந்தால் 'ரன் அப்' ஒரே வினை. மொத்தமாக ஒரு தமிழ் வினை தேடுங்கள். கடைசியில் நின்றால் 'அப்' திசை காட்டும் சொல். "ஓடு" போதும், திசையைத் தனியாகச் சொல்லலாம்.

இந்தச் சோதனை 'ஓவர்' வரும்போது பாதிதான் உதவும். வண்டி ஏறிய பொருளில் 'ரேன் ஓவர் இட்', 'ரேன் இட் ஓவர்' இரண்டும் புழங்கும். அங்கே எழுவாயைப் பார்க்க வேண்டும். வண்டி என்றால் மேலே ஏறிவிட்டது. தொட்டி என்றால் நிரம்பி வழிந்தது. கூட்டம் என்றால் நேரம் தாண்டியது. ஆள், அதோடு குறிப்பேடு என்றால் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பதவுரை சொன்ன சொட்டுநீரில் 'ரன் 500 எம்.எல். ஓவர் 4 அவர்ஸ்' என்று வந்தால் அது கால அளவு: 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்று, அதாவது மணிக்கு 125 மி.லி. "4 மணி நேரத்துக்கு மேல் ஏற்று" என்று எழுதினால் அது தவறு மட்டுமில்லை, ஆபத்து.

'ரன் அவுட்' விஷயத்தில் எழுவாய் இடம் மாறும். பொருளே எழுவாய் என்றால் 'ரேன் அவுட்': பால் தீர்ந்துபோச்சு. ஆள் எழுவாய் என்றால் 'ஆஃப்' கட்டாயம்: 'வி ரேன் அவுட் ஆஃப் மில்க்'. தமிழில் இரண்டுமே "பால் தீர்ந்துபோச்சு" தான். ஆளை "நம்மகிட்ட" என்று வேண்டுமானால் சேர்க்கலாம். 'அவுட் ஆன்' என்றால் கைவிட்டு ஓடிப்போவது. கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் 'வாஸ் ரன் அவுட்', செயப்பாட்டு வினை; அவரை அவுட்டாக்குவது எதிரணி.

'ரன் இன்டு': ஆள் என்றால் தற்செயலாகச் சந்தித்தார், சுவர் என்றால் மோதினார், சிக்கல் என்றால் மாட்டினார், தொகை என்றால் "லட்சக்கணக்கில் போகும்".

'ரன் டவுன்': மின்கலம் இறங்கும். ஆளைப் பற்றிப் பேச்சு என்றால் மட்டம் தட்டுவது. தகவல் என்றால் தேடிப்பிடிப்பது. பெயரடையாக இணைப்புக்கோடு போட்டு வந்தால் பாழடைந்த கட்டடம், அல்லது உடம்பு தளர்ந்த ஆள். ஒரே சொல்லாக ஒட்டி, அழுத்தம் முதல் அசையில் வந்தால் பெயர்ச்சொல்: விவரச் சுருக்கம்.

இன்னொன்று, தமிழர்கள் ஆங்கிலம் எழுதும்போது வருவது. "பணத்துக்குப் பின்னால் ஓடாதே" என்பதை 'ரன் பிஹைண்ட் மணி' என்று எழுதுகிறார்கள். துரத்துவதற்கு 'ரன் ஆஃப்டர்' தான். 'பிஹைண்ட்' போட்டால் பணம் முன்னால் ஓட நாம் பின்வரிசையில் ஓடுவது போல் ஆகும்.

---

#11 கிளவியார்

பெயரடை வர்றதை யாரும் தொடல, நானே முடிச்சிடறேன். 'ரன் ட்ரை', 'ரன் லோ', 'ரன் ஷார்ட்', 'ரன் லேட்', 'ரன் ஹை', 'ரன் வைல்ட்'. இங்க 'ரன்' ஏறக்குறைய 'ஆகு' தான். பெயரடையில இருக்கிற பொருளை எடுத்து வினையாக்குங்க, 'ரன்'னை மறந்துடுங்க. கிணறு வற்றிச்சு. கையிருப்பு குறையுது. ரயில் தாமதமா வருது. உணர்ச்சி கொந்தளிக்குது.

'ரன் அமொக்'ல இருக்கிற 'அமொக்' மலாய்ச் சொல். வெறிபிடிச்சுத் தாக்கறதைக் குறிக்கும். அதையும் இதே கட்டத்துல போடலாம்.

---

#12 குறியன்

மென்பொருள் இடைமுகத்துக்கு வர்றேன், #1ல இருக்கிற "இயக்கு" அங்கிருந்துதான் வந்திருக்கும்.

பிரச்சினை என்னன்னா, மொழிபெயர்ப்பாளர் கையில வர்றது 'ரன்' என்ற மூன்றெழுத்து மட்டும். பக்கத்துல பெயரும் இல்ல, வினையும் இல்ல. கெட்டெக்ஸ்ட் (இடைமுக வரிகளை மொழிபெயர்க்க உதவற கருவி) மாதிரி முறைகள்ல, மூல நிரல்ல பத்து இடத்துல 'ரன்' இருந்தாலும் மொழிபெயர்ப்புக் கோப்புல ஒரே பதிவாத்தான் சேரும். பொத்தான்ல வர்றதும் அட்டவணைத் தலைப்புல வர்றதும் ஒண்ணாயிடும். தீர்வு மொழிபெயர்ப்பாளர்கிட்ட இல்ல. நிரல் எழுதறவர் ஒவ்வொரு இடத்துக்கும் சூழல் குறிப்பு சேர்த்தா பதிவு தனித்தனியாப் பிரியும். அதைக் கேட்டு வாங்குங்க.

பிரிஞ்ச பிறகு:
பொத்தான்: இயக்கு.
நிலை காட்டும் இடம்: இயங்குகிறது. (இங்கே "இயக்கு" போடறதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு.)
'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்': நிர்வாகியாக இயக்கு.
'லாஸ்ட் ரன்': கடைசியாக இயங்கியது. பக்கத்துல தேதி வரும், அதனால வினையா மாத்தினா நல்லா ஒட்டும்.
எண்ணோட வந்தா, '12 ரன்ஸ்': 12 முறை. "12 இயக்கங்கள்" கட்சி ஆரம்பிச்ச மாதிரி இருக்கும்.
'ரன்டைம் எர்ரர்': இயங்கும்போது வரும் பிழை. தொகுக்கும்போது வர்றதுலேர்ந்து பிரிக்கத்தான் அந்தப் பேரே, அதனால "போது" முக்கியம்.
'ட்ரை ரன்': ஒத்திகை. என்ன நடக்கும்னு காட்டும், எதையும் மாத்தாது. "வெள்ளோட்டம்"னு போடாதீங்க, வெள்ளோட்டத்துல தேர் உண்மையிலேயே நகரும்.

---

#13 பதவுரை

வெள்ளோட்டம் பற்றிச் சொன்னது சரியான நுணுக்கம். 'ட்ரையல் ரன்'னுக்கு வெள்ளோட்டம், 'ட்ரை ரன்'னுக்கு ஒத்திகை என்று பட்டியலிலேயே பிரித்துவிடுங்கள். பெயர்ச்சொல்லுக்கு "ஓட்டம்" நல்ல முதலீடு. நீரோட்டம், முன்னோட்டம், கண்ணோட்டம், மேலோட்டம் என்று நம்மிடம் முன்னமே குடும்பம் இருக்கிறது. 'ரன் யுவர் ஐ ஓவர்' என்பதற்கு "மேலோட்டமாகப் பார்" என்ற விடை இந்தக் குடும்பத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

---

#14 மெய்ப்புக்காரர்

அச்சுத் தொழில் வந்தால் வேறு விதம். 'பிரிண்ட் ரன்' என்றால் ஒரு தடவையில் அச்சடித்த பிரதிகள் எத்தனை என்பது. "அச்சு ஓட்டம்" என்று எழுதினால் எந்திரத்தின் வேகம் என்று நினைப்பார்கள். 'ரன்னிங் ஹெட்' ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திரும்ப வரும் பக்கத்தலைப்பு. மெய்ப்பில் 'ரன் ஆன்' என்று ஓரத்தில் எழுதியிருந்தால் புதிய பத்தி பிரிக்காதே, முந்தைய வரியோடு சேர் என்று அர்த்தம். இலக்கணப் பாடத்தில் 'ரன்-ஆன்' வாக்கியம் என்றால் நிறுத்தக்குறி இல்லாமல் இரண்டு முழு வாக்கியத்தை ஒட்டியது. ஒன்று கட்டளை, ஒன்று குற்றச்சாட்டு.

நீதிமன்றச் செய்தியில் தண்டனைகள் 'ரன் கன்கரண்ட்லி' என்றால் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும். 3 ஆண்டும் 2 ஆண்டும் என்றால் உள்ளே இருப்பது 3. 'கன்செக்யூட்டிவ்லி' என்றால் ஒன்றன்பின் ஒன்றாக, 5. வினை ஒன்றுதான், வினையடை மாறினால் ஒருவருக்கு 2 ஆண்டு கூடுகிறது. சொத்துச் சட்டத்தில் 'ரன்ஸ் வித் தி லேண்ட்' என்றால் அந்தக் கட்டுப்பாடு ஆளோடு போகாது, நிலத்தோடு போகும். நிலம் கைமாறினால் புதிய உரிமையாளரையும் கட்டும்.

கப்பல் 'ரன் அகிரவுண்ட்': தரைதட்டியது. தட்டியது என்று தனியாகப் போட்டு யாரோ கதவைத் தட்டியது போல் ஆக்காதீர்கள்.

---

#15 குதர்க்கம்

தேர்தல் விட்டுப்போச்சே. 'ரன் ஃபார்' என்றால் போட்டியிடு, அவ்வளவுதான். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' என்று நிற்கிறார். தமிழிலும் நிற்கிறார். கேட்பது மட்டும் எல்லா ஊரிலும் ஓட்டு.

---

#16 ஒட்டுமா

:) ஆனால் அந்த ஓட்டு 'வோட்'டிலிருந்து வந்தது, வேர்தேடி பட்டியலில் சேர்த்துவிடப் போகிறார்.

---

#17 அகராதிப்பூனை

பட்டியலில் எந்தப் பொருளுக்கு முன்னுரிமை என்று முடிவு செய்ய உண்மையான வாக்கியங்களைத் தொகுத்துப் பார்ப்பதுதான் வழி. உங்கள் துறையின் மூல ஆவணங்களிலிருந்தே 200 வரி எடுங்கள். பொது அகராதியின் வரிசையை நம்ப வேண்டாம். ஆக்ஸ்போர்டு பேரகராதியில் பழைய பொருள் முன்னால் வரும். கற்போருக்கான அகராதிகளில் அதிகம் புழங்குவது முன்னால் வரும். இரண்டாவது வகையில் ஒவ்வொரு பொருளுக்கும் தலையில் ஒரு வழிகாட்டிச் சொல் போட்டிருப்பார்கள். அதை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் வேண்டிய இடம் சீக்கிரம் அகப்படும்.

தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. 'ரன்' என்று தேடினால் மூன்று சரக்கு கலந்து வரும்: வினையடி, 'ஹேவ் ரன்' என்பதில் வரும் எச்ச வடிவம், பெயர்ச்சொல். 'ரன்ஸ்' என்றால் கிரிக்கெட் ஓட்டங்கள் உள்ளே புகும். 'ரன்னிங்' என்றால் "தொடர்ந்து மூன்று நாள்" என்ற பொருளில் வரும் 'த்ரீ டேஸ் ரன்னிங்' கூடச் சேரும். கலப்பில்லாதது 'ரேன்' மட்டும். இறந்தகால வினையைத் தவிர வேறெதுவாகவும் பெரும்பாலும் வராது. அதிலிருந்து ஆரம்பியுங்கள். வரிகளை 'ரேன்'னுக்கு வலப்பக்கம் உள்ள முதல் சொல்லின் அகரவரிசையில் அடுக்குங்கள். ஒட்டுச்சொற்கள் தாமாகக் கூட்டம் கூட்டமாக நிற்கும். 'எ', 'தி' என்று தொடங்குபவை பெரும்பாலும் செயப்படுபொருள் உள்ளவை. அவற்றை மட்டும் எடுத்து இரண்டாம் சொல்லால் மறுபடி அடுக்குங்கள்.

'ரேன்'னில் விட்டுப்போவது செயப்பாட்டு வினை. அதற்கு 'பீன் ரன்', 'வாஸ் ரன்', 'இஸ் ரன்' மூன்றையும் தனியாகத் தேடுங்கள். "நடத்தப்படுகிறது" வகை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

---

#18 சொற்கட்டம்

எல்லோருக்கும் நன்றி. பட்டியலின் அமைப்பை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்: 'ரன்' என்ற வரி ஒன்று, அதன் கீழே "உடன் வரும் சொல்" என்று ஒரு பத்தி, அதற்கு எதிரே தமிழ் வினை. செயப்படுபொருள் இல்லாததற்கு 6 வரி, உள்ளதற்கு 11, பெயரடைக்கு 6, ஒட்டுச்சொல்லுக்கு 20, பெயர்ச்சொல் தனித் தாளில். "உடன் வரும் சொல்" காலியாக இருந்தால் கருவி தானாக நிரப்பாமல் ஆளிடம் கேட்க வேண்டும்.

மூன்று இடம் இன்னும் ஒட்டவில்லை. 'எ ரன் ஆன் தி பேங்க்', புள்ளியியலில் வரும் 'ரன்ஸ் டெஸ்ட்', 'ரன் இட் பை மீ'.

---

#19 பதவுரை

வங்கி: வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கக் குவிவது. "வங்கி ஓட்டம்" என்று எழுதினால் வங்கியே ஓடிப்போனது போல் இருக்கும். முதல் தடவை "வைப்பாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தனர்" என்று விரித்து எழுதி, அதன் பிறகு "முண்டியடிப்பு" என்று சுருக்கலாம்.

---

#20 குறியன்

புள்ளியியல் 'ரன்'னும் தரவுச் சுருக்கத்துல வர்ற 'ரன் லெங்த்'தும் ஒண்ணுதான்: இடையில வேற எதுவும் வராம ஒரே மதிப்பு அடுத்தடுத்து நிக்கிற கூட்டம். நாணயத்தைச் சுண்டி பூ பூ தலை தலை தலை பூ வந்தா 'ரன்' மூணு. நீளம் 2, 3, 1. இதுக்கு "தொடர்"னு போட்டா 'சீரிஸ்'ஸோட மோதும், "ஓட்டம்"னு போட்டா ஒண்ணும் புரியாது. "ஒரேமதிப்புத் தொடர்"னு நீளமா வச்சாலும் பரவாயில்ல. சீட்டாட்டத்துல மட்டும் உல்டா: அங்க 'ரன்'னா 5, 6, 7ன்னு ஏறுவரிசை, ஒரே மதிப்பு இல்ல. பட்டியல்ல துறைப் பெயர் போட ஒரு பத்தி சேர்த்துக்குங்க.

---

#21 ஒட்டுமா

'ரன் இட் பை மீ': "என்கிட்ட ஒரு தடவை காட்டு". பேச்சு விஷயம் என்றால் "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு". நடுவில் 'இட்' வருவதால் ஒட்டுச்சொல் தாளில் போட்டுவிடாதீர்கள். 'பை' இங்கே 'மீ'யோடு சேர்ந்தது. 'ரன் பை மீ இட்' என்று யாரும் சொல்வதில்லை. செயப்படுபொருள் தாளில், "யோசனை, வரைவு + ஆள்" என்று குறித்து வையுங்கள்.